நாற்பத்தைந்தில் ஒன்று

ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான்
என் மோரிஸ் மைனர் சாலையில் ஓடலாம்.
சட்டம் அப்படி.
மிச்ச முந்நூற்று இருபது நாளும்
அது போர்ச்சில் நிற்கும்,
நான் அதற்கடியில் கிடப்பேன்.

சிராங்கூன் கார்டன் தெருக்களில்
பாதிக்குமேல் இங்கிலாந்துப் பெயர்.
அங்கிருந்து வந்த வண்டிக்கு மட்டும்
இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்வதில்லை.
இரவு துடைத்த குரோமியத்தில்
காலையில் வியர்வை.
இருக்கைக்கு அடியில் கைவிட்டால்
ஈரச் சாக்கின் வாசம்.

காக்கி புக்கிட்டிலிருந்து
வெல்டிங் பெட்டியோடு வந்த ஹைருல்
தரைத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தினான்.
பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.
"கராட்" என்றான்.
மலாயில் துரு.
எனக்கு நகைக்கடைச் சொல்லாகக் கேட்டது.
இருபத்திரண்டா, பதினெட்டா என்று
சிரிக்க வாயெடுத்தேன்;
அவன் கூலி சொன்னதும்
இரண்டும் ஒரே சொல்தான் என்று புரிந்தது.

இரவுப் பணியில் நான்
பீஷான் பணிமனையில்
ரயில் சக்கரத்தின் தேய்மானத்தை
மில்லிமீட்டரில், அதற்கும் கீழே, அளக்கிறவள்.
வீட்டுக்கு வந்தால் எல்லாம் அங்குலம்.
பழைய வாய்ப்பாட்டின் வீசமும் அரைக்காலும்
ஸ்பேனர்களின் கழுத்தில் பொறித்துக் கிடக்கின்றன.
பிரேக் எண்ணெய் பார்க்க
ஓட்டுநர் காலடிக் கம்பளத்தை விலக்கித்
தரைக்குள் துழாவ வேண்டும்.
முன்சக்கர மூட்டுக்கு
நாள் தவறாமல் கிரீஸ் ஊட்ட வேண்டும்;
மறந்தால் ஒருநாள்
நடுச்சாலையில் முழங்கால் மடித்து
உட்கார்ந்துகொள்ளும்.

இதில் பேட்டரியின் கூட்டல் குறிதான்
வண்டியின் உடம்போடு சேரும்.
இன்றைய கார்களுக்கு நேர் எதிர்.
அது தெரியாமல் அருளப்பன்
திருமண நாளுக்கு ஆசையாய் வாங்கி மாட்டிய
கைப்பேசி சார்ஜர்
கொஞ்சம் புகைந்து அடங்கிப்போனது.
"உன் வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை."
அப்படியில்லை,
உலகத்தோடு அது தலைகீழாய்
இணைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.
உன்னைப் போல என்று அவன் சொல்லவில்லை.
சொன்ன மாதிரிதான் சிரித்தான்.

நேற்று முப்பத்தொன்றாம் நாள்.
சாங்கி கடற்கரை, நாசி லெமாக் என்று திட்டம்.
முதல் சந்திப்பில் இடப்புறம் திரும்ப
விசையைத் திருகினேன்.
கதவுத்தூணிலிருந்து அந்தச் சிறுகை எழுந்தது,
உள்ளே செம்மஞ்சள் விளக்கோடு.
திரும்பி முடித்தும் இறங்கவில்லை.
தூணைத் தட்டினேன்.
அருளப்பன் ஜன்னல்வழி கைவிட்டு அழுத்தினான்;
விட்டதும் எழுந்தது,
விடை தெரிந்த மாணவன்போல.

பின்னால் வந்த பேருந்து
நான் திரும்புவேனென்று பொறுமையாய்க் காத்திருந்தது.
அந்த மரியாதையை மறுக்க முடியவில்லை.
திரும்பினேன்.
அடுத்த முனையில் ஒரு டாக்சி
என் கையை நம்பி மூக்கை வெளியே நீட்டியது.
கை காட்டியாகிவிட்டது,
சொல்லிவிட்டுச் செய்யாமல் போவதா?
இடம், மறுபடி இடம், மறுபடியும் இடம்:
இருபதே நிமிடத்தில்
எங்கள் வீட்டு வாசல்.

எதிர்வீட்டுத் திருமதி கோ
செடிக்கு நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
காரின் கை
அவருக்கு டாட்டா காட்டியபடியே நின்றது.

அருளப்பன் காலண்டரில்
ஞாயிற்றுக்கிழமையைச் சுழித்தான்.
மிச்சம் பதினான்கு.
நாசி லெமாக்கை வீட்டுக்கே வரவழைத்து
போர்ச்சில் உட்கார்ந்து தின்றோம்.
நெத்திலி நமுத்துப் போயிருந்தது.

கைகழுவிவிட்டு
தூணின் உறையைக் கழற்றினேன்.
நகத்தளவு கீல்.
தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில்
ஒரு சொட்டு.
திருகினால் எழுந்தது, விட்டால் இறங்கியது.
அருளப்பன் இன்னொருமுறை என்றான்.
எழுந்தது. இறங்கியது.
இன்னொருமுறை.

கீழே விரித்திருந்த அட்டையில்
கறுப்பாய் ஒன்று சொட்டியது.
நல்லது.
எஞ்சினில் எண்ணெய் இருக்கிறது.